முன்வரிசையில் வந்து உட்காருங்கள்

(தோட்டப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



பின்நேர நிறுவை முடிந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அடுப்புப் பற்ற வைக்கணும், பீலியில் தண்ணி பிடிக்கணும், பிள்ளைக்கு ரொட்டி சுடணும் என்று உங்கள் மனசு லயத்துப் பக்கம் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். ஆகவே நீட்டிப் பேசமாட்டேன்.

வழக்கமாக நான் கூட்டம் போட்டால் மலசலகூடம், சேமலாப நிதி, டெங்கு நுளம்பு, கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் அட்டை என்றுதான் பேசுவேன். "இந்த ஐயா வந்தாலே இதுதான்" என்று நீங்கள் முணுமுணுப்பதும் என் காதில் விழுந்திருக்கிறது. இன்றைக்கு அதெல்லாம் இல்லை. இன்றைக்கு உத்தியோகத்தராகப் பேச நான் வரவில்லை. ஒரு பெண் பிள்ளையின் தகப்பனாகப் பேச வந்திருக்கிறேன்.

2025ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பரிசளிப்பு விழா நடந்தது. 2024ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். அதில் என் மூத்த மகளும் ஒருத்தி.

படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிநாடுகளில் பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைக்கே நீளக் கவுணும் தட்டைத் தொப்பியும் போட்டு விடுவார்கள். நம்ம நாட்டில் அது பல்கலைக்கழகம் முடிக்கும்போதுதான். நம்ம பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியும்தான் கவுணும் தொப்பியும். கடைசித் தடவையாக அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அதிபர் சொல்லியிருந்தார். முந்தின நாள் பூராவும் மழை. என் மனைவி சீருடைக்கு நீலம் போட்டு அலசி, வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காய வைத்து, புகை வாசம் போகிறதா என்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

மங்கல விளக்கு ஏற்றினார்கள். தேசிய கீதம், வரவேற்புரை, அதிபரின் அறிக்கை எல்லாம் முடிந்தது. பிறகு பேர் வாசிக்கத் தொடங்கினார்கள். முதலில் என் பேர், அதற்குப் பிறகு மகளின் பேர். என் பேரை ஒலிபெருக்கியில் கேட்பது எனக்குப் புதிது இல்லை. தேர்த் திருவிழாவுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும் வாசிப்பார்கள். ஆனால் அன்றைக்குக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துப் போய்விட்டது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். நான் மட்டும் தட்டவில்லை. இரண்டு கையும் மடியிலேயே கிடக்கிறது. என் மனைவி தொடையில் கிள்ளி, "என்னங்க, கையத் தட்டுங்களேன்" என்றதும்தான் எனக்கு நினைவு வந்தது. அதற்குள் மகள் பரிசை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

எனக்கு அடுத்த கதிரையில் என் அம்மா. வயசு எழுபது. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பக்கத்தில் இருந்தவர்கள், முன்னால் இருந்தவர்கள், தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளை என்று எல்லோரிடமும் "எம் பேத்தி, எம் பேத்தி" என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மண்டபத்தின் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு அம்மா வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் நனைந்த குடை, ஒரு துணிப்பை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோயில் வாசலில் நிற்பது போல நின்றார். உள்ளே காலடி வைக்கவில்லை. நான் எழுந்து போனேன். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டது.

"உள்ள வாங்கக்கா, கதிரை இருக்கு" என்றேன்.

"வேணாங்க சேர். நான் இப்படியே நிக்கிறேன். நம்மள மாதிரி ஆளுங்க அங்க வந்து உக்காந்தா புள்ளைக்குத்தான் கொறச்சல்."

"புள்ள உங்கள வரச் சொல்லலியா?"

"அது மூணு நாளா வாம்மா வாம்மான்னுதான் சொல்லுச்சு. நான்தான் வரமாட்டேன்னுட்டேன். காலையில பெரட்டுக்கும் போயிட்டேன். அப்புறம் மனசு கேக்கல சேர். கங்காணிகிட்டச் சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்."

அன்றைக்கு அந்த அக்காவுக்குப் பேர் இல்லை. 2025 மே மாதத்தில் ஒரு நாள் பேர் என்றால் 1350 ரூபாய். பஸ் காசு வேறு. இவ்வளவையும் கொடுத்துவிட்டு வந்தவர் வாசலில் நிற்கிறார்.

மேடைக்குப் பக்கத்தில் விசேட பரிசு வாங்கும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அதில் ஒரு பிள்ளையின் கண் மண்டபத்தில் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போனது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. பிறகு மறுபடியும் முதல் வரிசை. அந்த அக்காவின் மகள் அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். 1996இல் அப்படித் தேடினவன் நான்.

நான் இன்னும் என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் அம்மா எழுந்து வந்துவிட்டார். என்னை விலக்கிவிட்டு அந்த அக்காவின் கையைப் பிடித்தார். "வா தாயி. எம் பக்கத்துல வந்து உக்காரு. நானும் கொழுந்தெடுத்தவதான்" என்றார். கூட்டிக்கொண்டு போய்த் தன் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த என் கதிரையில் உட்கார வைத்தார். நான் மிச்ச நேரம் நின்றுகொண்டுதான் விழா பார்த்தேன்.

சற்று நேரத்தில், வர்த்தகப் பிரிவில் பாடசாலையில் முதலாம் இடம் என்று அந்தப் பிள்ளையின் பேரை வாசித்தார்கள். மேடை ஏறின பிள்ளை அம்மாவைக் கண்டுவிட்டது. அழவும் இல்லை, கை காட்டவும் இல்லை. கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நடந்து போய்ப் பரிசை வாங்கினது. அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை நான் கை தட்டினேன்.

பெற்றோர்களே, 1996இல் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான் அப்போது 11ஆம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தில் எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. ஒரு அகராதி, ஒரு சான்றிதழ். அம்மா வரவில்லை. அது கொழுந்து கூடுதலாக வரும் காலம். ஒரு பேர் போனால் அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழும். அதைவிடப் பெரிய காரணம், "அங்க படிச்சவங்க எல்லாம் இருப்பாங்க, நான் வந்து என்ன செய்ய" என்பது. நான் கோபத்தில் வீட்டுக்கு வந்து அம்மாவோடு கதைக்கவே இல்லை. இரவு குப்பி விளக்கு வெளிச்சத்தில் அம்மா அந்தச் சான்றிதழை எடுத்து, "இதுல உம் பேரு எது?" என்று கேட்டார். காட்டினேன். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, "இதுவா, இதுவா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரைதான் போனவர். கொஞ்ச நஞ்சம் தெரிந்த எழுத்தும் கொழுந்துக் கூடையோடு மறந்துபோனது.

அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று நான் அன்றைக்கு நினைத்தேன். அக்கறை இல்லாமல் இல்லை. அந்த மண்டபம் தனக்குரிய இடம் இல்லை என்ற நினைப்பு. அந்த நினைப்பு நம்ம ஆட்களுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு நாளில் வந்தது இல்லை.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1907ஆம் ஆண்டு வந்த சட்டத்தில், தோட்டத்தில் உள்ள 6 வயது முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் துரைமார் எழுத்தறிவு கொடுக்கவேண்டும் என்று போட்டார்கள். நடந்தது என்னவென்றால், பெரும்பாலும் ஒரு அறை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. 1945இல் நாட்டுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்குள் சேரவில்லை. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நம்ம ஆட்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் உரிமை கொடுக்க 2003ஆம் ஆண்டுவரை சட்டம் போடவேண்டியிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். 1980இல் இலவசப் பாடப்புத்தகம், 1993இல் இலவசச் சீருடைத் துணி வந்தன. நம்ம பிள்ளைகளே ஆசிரியர்களாகப் பயிற்சி பெறப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தாத்தா சம்பளப் புத்தகத்தில் பெருவிரல் வைத்தவர். அம்மா மூன்றாம் வகுப்பு. நான் சாதாரண தரம். என் மகள் உயர்தரம். ஒரு படி ஏற ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது. அவ்வளவு பாடுபட்டு ஏறின பிள்ளை மேடையில் நிற்கும்போது, அதற்குக் காரணமான ஆள் வாசலுக்கு வெளியே நிற்பது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

இனிச் சொல்லப் போவது எனக்கு வெட்கமான விசயம். ஆனாலும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் இல்லை.

என் மகள் இந்த மேடைக்கு வந்த வழி லேசானது இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலையை மூடினார்கள். அப்போது அவள் 10ஆம் வகுப்பு. பாடம் போனில் வரும் என்றார்கள். லயத்துப் பக்கம் சிக்னல் இல்லை. மலை உச்சிப் பாறையில் ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு, காலில் அட்டை ஏற ஏறப் படித்தாள். உங்கள் பிள்ளைகளும் அப்படித்தானே படித்தார்கள்? 2021ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை தள்ளிப்போய் 2022 மே மாதத்தில்தான் நடந்தது. அது நாட்டில் பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை, கரண்டும் இல்லாத காலம். பஸ் வராத நாளில் நடந்தே போனாள். நவம்பர் மாதம் பெறுபேறு வந்தது. நல்ல சித்தி.

உங்களில் எத்தனை பேர் வீட்டு வாசலில் நின்று, "புள்ளையப் படிப்ப விட்டு நிறுத்தாதீங்க" என்று நான் சொல்லியிருக்கிறேன்? சில வீடுகளில் கொஞ்சம் கடுமையாகவும் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், அந்த 2022 நவம்பரில், என் மகளை நிறுத்துவதற்கு முடிவு செய்தேன்.

மாவு விலை, அரிசி விலை எல்லாம் கைக்கு எட்டாத உயரத்தில். அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். உயர்தரத்துக்கு டவுன் பாடசாலைக்குப் போகணும், மாதம் பஸ் சீசன், ரியூசன், புத்தகம். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை இருக்கிறது, தங்குமிடமும் சாப்பாடும் கொடுப்பார்கள் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். ஒரு வருசம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு பார்ப்போம் என்று நிறுத்தின பிள்ளை திரும்பப் பாடசாலைக்குப் போவது எவ்வளவு அபூர்வம் என்று நன்றாகத் தெரிந்தவன் நான். தெரிந்துகொண்டே ஒரு தாளை எடுத்து அவளுடைய பேர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதினேன்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா எழுதுற?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அன்னைக்கு நீ பாஸ் பண்ணினப்போ, போதும் ராசான்னு நான்தான் உன்னைய நிறுத்தினேன். இருவத்தஞ்சு வருசமாச்சு. நீ ஏம்மான்னு ஒரு வார்த்த கேக்கல. நீ கேக்காததுதான் எனக்கு இன்னும் நோவா இருக்கு. நாளைக்கு இதுவும் உங்கிட்டக் கேக்காது. நீ அந்த நோவ வாங்கிக்கப் போறியா?"

1997இல் நான் சாதாரண தரம் சித்தியடைந்தபோது நடந்ததைத்தான் அம்மா சொன்னார். எனக்கும் உயர்தரம் படிக்க ஆசைதான். பஸ் காசுக்கு வழியில்லை என்று ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவின் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அம்மா அதை மறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் அம்மா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். ஹட்டனில் பேங்கில் அடகு வைத்தேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டதும் நான்தான். தோட்டை மீட்க 19 மாதம் ஆனது. 2024 நவம்பர் கடைசியில் மழை வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தித் திரும்பத் தொடங்கியபோது, மகளுக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எப்படியோ எழுதி முடித்தாள். 2025 ஏப்ரலில் பெறுபேறு வந்தது. விழாவுக்குப் போனபோது அம்மா காதில் அந்தத் தோடு இருந்தது.

இப்போது அந்த அக்காவின் கதைக்குத் திரும்ப வருகிறேன். விழா முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். அந்த அக்காவும் மகளும் வந்தார்கள். பிள்ளையின் கையில் பரிசுப் பொதி. அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்:

"சேர், இதுக்கு மேல என்ன செய்யணும்? எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மாமன்காரன் கொழும்புல ஒரு கடையில கேட்டு வச்சிருக்கேன்றாரு. ஒரு எடத்துல மாப்பிள்ளையும் சொல்றாங்க. புள்ள ஒண்ணும் பேசமாட்டேங்குது."

பார்த்தீர்களா? பாடசாலையில் முதலாம் இடம் வந்த பிள்ளை. பரிசு வாங்கி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதற்குள் கடையும் மாப்பிள்ளையும் வந்து நிற்கிறது. பிள்ளை பேசவில்லை என்றால் சம்மதம் என்று நினைக்கிறோம். என் மகளும் 2022இல் பேசவில்லை. நானும் பேசாதவன்தான்.

நான் அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் செய்யவேண்டியதை எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் என் மகளும் அந்தப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பினார்கள். அனுப்பி முடித்ததும் வந்த தாளை அந்த அக்கா நாலாக மடித்து, சம்பளச் சீட்டு வைக்கும் பேர்சுக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன கிடைக்கும் என்று நான் சொல்லமுடியாது. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாகிவிட்டது.

அந்த அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினதையும், அதோடு இன்னும் சிலவற்றையும் உங்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் இருந்தால் குறித்துக்கொள்ளட்டும்.

முதலாவது, பேர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், பாடசாலை இடாப்பில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர் என்று இருக்கக் கூடாது. நம்ம பேரைச் சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதும்போது ஆளுக்கொரு மாதிரி எழுதிவிடுகிறார்கள். பிள்ளை சின்னதாக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. பரீட்சைக்கும் வேலைக்கும் போகும்போதுதான் முட்டும். சாதாரண தரம் எழுத அடையாள அட்டை வேண்டும். ஆகவே 9ஆம் வகுப்பிலேயே சான்றிதழை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். திருத்தம் இருந்தால் பிரதேச செயலகத்தில் செய்துகொள்ளலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது.

இரண்டாவது, சாதாரண தரம் முடிந்து பெறுபேறு வருகிற இடைவெளி. நம்ம பெண் பிள்ளைகளை இழக்கிற இடம் அதுதான். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று கொழும்புக்கு அனுப்புவதும், "இனி என்ன படிப்பு" என்று பேசுவதும் அந்த மாதங்களில்தான். வீட்டில் காசு முடை இருக்கிற கிழமையில் பிள்ளையின் படிப்பைப் பற்றி முடிவு எடுக்காதீர்கள். என்னைப் போல எடுத்துவிட்டால், யாரிடமாவது சொல்லுங்கள். என்னைத் தடுக்க ஒரு ஆள் இருந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஆள் இல்லாவிட்டால் மாதர் சங்கம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நான் இருக்கிறேன்.

மூன்றாவது, உயர்தரம் முடித்த பிள்ளைக்கு வாசல் ஒன்று மட்டும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி பார்க்கிறார்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வித்தியாசம். நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டிலும் சேர்கின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளையின் புள்ளியைப் பார்த்து, "நமக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பம் போடாமல் இருந்துவிடாதீர்கள். பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பிக்கத் திகதி கொடுப்பார்கள். திகதி போனால் போனதுதான். கிடைத்த பிள்ளைக்கு வசதி இல்லை என்றால் மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 1981 முதல் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அதில் படித்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, தேசிய தொழிற் தகைமைப் பயிற்சிகள், விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களுக்குத் தாதியர் பயிற்சி என்று பல வழிகள் உண்டு. முதல் தடவை சரிவராத பிள்ளைக்கு உயர்தரத்தில் மூன்று தடவைவரை சந்தர்ப்பம் இருக்கிறது. ஒரு தடவை தவறினவுடன் "உனக்குப் படிப்பு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை கருகின செடியைப் பிடுங்கியா போடுகிறோம்?

நான்காவதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். அது உங்கள் பெருமை. பெண் பிள்ளை படித்தால் பெருமைப்பட நமக்குத் தெரியும். ஆனால் அதைப் பிள்ளைக்கு முன்னால் காட்டத் தெரியாது. பக்கத்து காம்பரா அக்காவிடம் சொல்லுவோம், பீலியில் சொல்லுவோம், மலையில் நிரை பிடித்துக்கொண்டு சொல்லுவோம். பிள்ளையிடம் "அடுப்பப் பாரு, தம்பியத் தூக்கு" என்போம். தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்கிறேன். கூட்டத்துக்கு வந்திருக்கிற ஆண்களை நான் எண்ணிவிட்டேன், எண்ணிக்கையை வெளியே சொல்லமாட்டேன். பிள்ளையின் பேருக்கு முன்னால் வாசிக்கிறது உங்கள் பேரைத்தான், அண்ணே. அந்த நேரத்தில் ஆள் தவறணையில் இருந்தால் எப்படி?

அடுத்த மாதம் நம்ம டிவிசன் பாடசாலையில் பரிசளிப்பு விழா. துரை அவர்களிடம் கதைத்துவிட்டேன். பரிசு வாங்கும் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு முற்பகல் விடுகிறோம், அந்த நேரத்தைப் பிறகு செய்து கொடுத்தால் பேர் வெட்டமாட்டோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். பேர் கொடுக்கவேண்டியவர்கள் இந்த வெள்ளிக்கிழமைக்குள் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அதிபரிடமும் ஒரு விசயம் கேட்டிருக்கிறேன். முன்னால் இரண்டு வரிசையும் விருந்தினருக்கு என்று போடும் வழக்கத்தை இந்த முறை மாற்றி, ஒரு வரிசையைப் பெற்றோருக்கு விடுங்கள் என்றேன். அவரும் சரி என்றார். இனி அந்தக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தால், அந்த வெட்கம் எனக்கில்லை, உங்களுக்குத்தான்.

நல்ல சேலை இல்லை என்று யோசிக்காதீர்கள். படங்கைக் கழற்ற நேரம் இல்லாவிட்டால் அதோடேயே வாருங்கள். செருப்பை மட்டும் வாசலில் கழற்றவேண்டாம். அது கோயில் இல்லை, உங்கள் பிள்ளை படித்த பள்ளிக்கூடம். உள்ளே வந்து, முன்வரிசையில் உட்காருங்கள். பிள்ளை மேடையில் இருந்து தேடும்போது கண்ணில் படுகிற இடத்தில் இருங்கள். பேர் வாசிக்கும்போது என்னைப் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிடாமல், நன்றாகச் சத்தமாகத் தட்டுங்கள்.

நேரமாகிவிட்டது, அடுப்பு காத்திருக்கிறது.